குட்டி வீட்டில் குடியிருக்க நமக்கு ஒத்துவருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் மகளும் 2017 முதல் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு குட்டி வீட்டில் இருக்கிறோம். வெளி அளவு 20 அடிக்கு 18 அடி. ஒரு கூடம், அதிலேயே ஓரமாகத் தடுத்த சமையலறை, ஒரு குளியலறை, வாசலில் நாலடி அகலத்தில் திண்ணை, வெளிப்புறமாக மாடிப்படி, மேலே மொட்டை மாடி. வீட்டைப் பார்க்க வருகிறவர்களும், இப்படி ஒன்று கட்டிக்கொண்டு கடனில்லாமல் இருக்கலாமா என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எனக்கு இந்த வீடு பிடிக்கும். ஆனால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை சதுர அடிக்குள் இருந்தால் அது குட்டி வீடு?

அமெரிக்காவில் வீடு கட்டுவதற்கான மாதிரி விதித்தொகுப்பின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் குட்டி வீட்டுக்கென்றே ஓர் இணைப்பு இருக்கிறது. பரணைச் சேர்க்காமல் 400 சதுர அடிக்குள் இருந்தால் குட்டி வீடு என்கிறது. அங்கே அது புதுமை. இங்கே தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. 2015இல் தொடங்கிய நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான வீடு 30 சதுர மீட்டர் வரை, அதாவது 323 சதுர அடி என்று இருந்தது. கிராமத்துக்கான திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், சுமார் 269 சதுர அடி. ஆக, அங்கே வியந்து பேசும் அளவு இங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் சாதாரண வீடு.

யார் எத்தனை சதுர அடி என்று சொன்னாலும், எதை அளந்து சொல்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் வீடு 360 சதுர அடி. ஆனால் வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். இரண்டு பக்கச் சுவரையும் கழித்தால் உள்ளே பதினெட்டரைக்குப் பதினாறரை, வெறும் 305 சதுர அடி. 55 சதுர அடி சுவருக்கே போய்விட்டது. 1200 சதுர அடி வீட்டிலும் சுவர் இடம் பிடிக்கும்தான், ஆனால் அங்கே அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. எங்களுக்கு ஏழில் ஒரு பங்குக்கும் மேல். ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை என்று எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து 'சூப்பர் பில்டப்' கணக்கில் பேசுவார்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்லும் 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது.

யூடியூபில் காட்டும் சக்கரம் வைத்த வீடு நம்மூருக்குச் சரிவருமா?

அந்த வீடு ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும். ஜே ஷேஃபர் என்பவர் 1999இல் அயோவா மாநிலத்தில் நூறு சதுர அடிக்கும் குறைவான ஒரு வீட்டைச் சக்கரத்தின் மேல் கட்டினார். அத்தனை சிறிய வீட்டைத் தரையில் கட்ட உள்ளூர் விதி இடம்கொடுக்காது. சக்கரம் இருந்தால் அது வீடாகாது, வண்டியாகிவிடும். வண்டியாகிவிட்டால் சாலை விதி வந்துவிடுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் எட்டரை அடி அகலத்தையும் பதின்மூன்றரை அடி உயரத்தையும் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். அதனால்தான் அந்த வீடுகள் ரயில் பெட்டி போல நீண்டு, ஒடுங்கி, படுக்கை மட்டும் கூரைக்கடியில் பரணில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

நமக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. நம்மிடம் ஒரு துண்டு மனையோ பழைய வீட்டின் மாடியோ இருந்தால், எட்டடி அகலத்தில் அடைந்துகிடக்க ஒரு காரணமும் கிடையாது. சதுரமான வீட்டில் அதே செங்கலுக்கு அதிக இடம் கிடைக்கும். பரண் படுக்கையை மறந்தே விடுங்கள். சித்திரை மாதத்தில் கூரைக்கு மூன்றடி கீழே படுத்துப் பார்த்தால் தெரியும். நம் வீடுகளில் பரணில் பொருளைத்தான் ஏற்றிவைத்தார்கள், ஆளை ஏற்றவில்லை.

நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு ஓர் ஆட்டோவின் மேல் ஆறுக்கு ஆறு, 36 சதுர அடியில் ஒரு வீட்டைச் சுமார் ஒரு லட்ச ரூபாயில் செய்து காட்டினார். சூரிய மின் தகடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் உண்டு. ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல யோசனை. ஒரே பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி, ஒரே ரேஷன் கடையில் பொருள் வாங்கி வாழும் குடும்பத்தின் கேள்வி வேறு.

குடிபோவதற்கு முன்பே ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. காசு செலவில்லாத வழி. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்.

நாங்கள் அப்போது இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். கட்டப்போகும் அளவைக் கூடத்திலும் சமையலறையிலுமாகச் சாக்பீஸால் கோடு போட்டுக் குறித்தோம். படுக்கையறைகளைப் பூட்டினோம். ஒரு குளியலறைதான். முப்பது நாள் அந்தக் கோட்டுக்குள் மட்டும் இருப்பது என்று பேச்சு. பூட்டிய அறையிலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால் எடுக்கலாம், ஆனால் ஒரு நோட்டில் எழுத வேண்டும். யாருக்காவது எரிச்சல் வந்தால் அதையும் எழுத வேண்டும், யார் மேல் என்று எழுதக் கூடாது, எதனால் என்று மட்டும்.

பொருள்தான் பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்தேன். மாதம் முடிந்து பார்த்தால் பூட்டிய அறையிலிருந்து நாங்கள் எடுத்தது மொத்தம் பதினோரு பொருள். மழைக்கோட்டு, தையல் பெட்டி, பத்திரக் கோப்பு இப்படி. எரிச்சல் பக்கம் மட்டும் நிரம்பி வழிந்தது. காலை ஐந்து மணிக்கு என் கணவர் அலாரம் வைத்தால் மூன்று பேரும் எழ வேண்டியிருந்தது. நான் அக்காவிடம் போனில் பேசினால் அவருக்குச் செய்தி கேட்கவில்லை. மகள் சத்தமாக மனப்பாடம் செய்தால் எனக்குத் தலைவலி. இரவு ஒருவர் விளக்கைப் போட்டால் எல்லார் முகத்திலும் வெளிச்சம். நோட்டில் 'சத்தம்' என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று மகள் எண்ணினாள். இருபத்தாறு.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பெரிய வீட்டில் ஆட்களைச் சுவர் பிரித்துவைக்கிறது. குட்டி வீட்டில் அந்த வேலையை நேரம்தான் செய்ய வேண்டும். யாருக்கு எப்போது அமைதி வேண்டும், யார் எப்போது வெளியே போவார்கள் என்று ஒரு ஒழுங்கு இருந்தால் 300 சதுர அடி போதும். அது இல்லாவிட்டால் 600 சதுர அடியும் நெருக்கும். அப்புறம், வெளியே போவதற்கு ஓர் இடம் வேண்டும். எங்கள் வீட்டுப் படத்தில் முதலில் திண்ணை கிடையாது. சாக்பீஸ் மாதம் முடிந்த பிறகுதான் சேர்த்தோம். அவர் விடிகாலையில் எழுந்து அங்கே போய்விடுவார். நான் போன் பேசுவதும் அங்கேதான்.

சோதனையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வெயில் காலத்தில் மாடியும் தெருவும் உங்களுக்குக் கூடுதல் அறைகளாக இருக்கும். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் எல்லாரும் உள்ளேயே, கொடியில் காயாத துணி, குடை, ஈரச் செருப்பு என்று இருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். பத்து நாள் போதுமா என்று கேட்பார்கள். போதாது. முதல் வாரம் விளையாட்டு போல இருக்கும். மூன்றாம் வாரம்தான் ஒருவருக்கொருவர் மேல் சலிப்பு வரும்.

தனியாள் என்றால் சுலபம்தானே?

சுலபம்தான், வெளியுலகம் பக்கத்தில் இருந்தால். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எத்தனையோ பேர் ஒரு கட்டிலும் ஒரு கொடியும் மட்டுமே கொள்ளும் அறையில் வருடக்கணக்காக இருந்திருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது? கீழே இறங்கினால் மெஸ், பக்கத்தில் டீக்கடை, கொஞ்சம் நடந்தால் மெரினா. கடற்கரைதான் அவர்களுடைய கூடம். டோக்கியோவில் கிஷோ குரோகாவா 1972இல் கட்டிய நாககின் கோபுரமும் இதே கணக்குத்தான். 140 பெட்டி அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர மீட்டர், சமையலறையே கிடையாது. சாப்பாட்டுக்கு ஊர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கட்டியது. பராமரிக்க முடியாமல் 2022இல் இடித்துவிட்டார்கள்.

மனை விலை குறைவு என்று ஊருக்கு வெளியே போய், பக்கத்தில் கடையோ நூலகமோ பூங்காவோ பஸ்ஸோ இல்லாத இடத்தில் குட்டி வீடு கட்டினால், தனியாளுக்கு அது சீக்கிரமே சிறை போலாகிவிடும்.

கணவன் மனைவிக்குத் தனிமை? சண்டை வந்தால் எங்கே போவது?

பெண்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. நேராகவே சொல்கிறேன். உடை மாற்றுவது முதல் எல்லாமே பிரச்சினைதான். ஒரே அறை என்றால் குளியலறைக்குள் போய்த்தான் புடவை கட்ட வேண்டும், ஈரத் தரையில் முந்தானை நனையும். அதனால் நாங்கள் குளியலறையில் குளிக்கும் பகுதியை நான்கு அங்குலம் தாழ்த்தி, கதவோரம் மூன்றடிக்கு உலர்ந்த தரை விட்டோம். வீட்டில் நான் மிகவும் நன்றியோடு நினைக்கும் மூன்றடி அதுதான்.

கூடத்தில் ஏழு அடி உயரத்துக்கு ஒரு மரத் தடுப்பும் கனமான திரையும் உண்டு. அந்தப் பக்கம் எங்கள் கட்டில். மகள் சிறியவளாக இருந்தவரை போதுமாக இருந்தது. பத்து வயதுக்கு மேல் திரை போதாது. அதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கோடையில் அவள் அத்தை வீட்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வருவாள். அந்தப் பதினைந்து நாள் எங்களுக்கும் வேண்டியிருக்கிறது.

சண்டையைப் பொறுத்தவரை, கதவைச் சாத்திக்கொண்டு முகம் திருப்பிக்கொள்ள இங்கே வழியில்லை. பேசித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாடிக்குப் போக வேண்டும். பேசிப் பழகாத தம்பதிக்கு இந்த வீடு கற்றுக்கொடுத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. ஏற்கெனவே பேசிக்கொள்கிறவர்களுக்குத்தான் இது சரி.

சமையல் வாடை?

நம் சமையலுக்கும் ஒரே அறை வீட்டுக்கும் எப்போதும் ஒரு பிணக்கு உண்டு. காய்ந்த மிளகாய் வறுத்தால் தூங்குகிறவர் இருமிக்கொண்டு எழுவார். கருவாடு பொரித்த வாசனை தலையணை உறையில் மறுநாளும் இருக்கும். ஆகவே வீட்டுக்குள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அது வெளியேறும் பக்கத்தில் அடுப்பை வையுங்கள். புகைபோக்கி வாங்கினால் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும். வடிகட்டி மறுபடியும் உள்ளேயே விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் குறைக்கும், சூட்டை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

கேஸ் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். படுக்கிற பாயும் அதே தரையில்தான் இருக்கிறது. சிலிண்டருக்கு வெளியே கம்பிக் கதவுள்ள ஒரு மாடம் கட்டுங்கள். முடியாவிட்டால் சமையல் பகுதியில் தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரமாவது வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் நாங்கள் படுப்போம். கிரைண்டரைத் திண்ணைக்கு மாற்றிவிட்டேன். மாவு ஓடும் சத்தம் வெளியே போனதே பெரிய நிம்மதி.

வெயில் காலத்தில் தாங்குமா?

மாடி வைத்த வீட்டில் கீழ்த்தளத்துக்கு மேல்தளம் நிழல். ஒரே தளமான குட்டி வீட்டில் மூலை முடுக்கெல்லாம் நேராக மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிறது. பகலெல்லாம் கான்கிரீட் வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கும் நேரத்தில் அதை வெளியே விடும். எங்கள் முதல் கோடையில் இரவு பதினொரு மணிக்கும் மேலே கைவைத்தால் சுட்டது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளியது.

பிறகு செய்தது இரண்டு வேலை. மாடித் தரையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன் மேல் வெள்ளை ஓடு பதித்தோம். அறை உயரம் பத்தரை அடி வைத்திருந்ததால், கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு காற்றுத் துளைகள் போட முடிந்தது. மேலே தேங்கும் சூடான காற்றுக்கு ஒரு வழி கிடைத்தது. ஏ.சி. வேண்டியதில்லை என்று சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில் நாங்களும் போடுகிறோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்தால் போதும் என்பதால் ஒரு டன்னே தாராளம்.

இருக்கிற சாமான்களை என்ன செய்வது?

சாக்பீஸ் நோட்டு எங்களுக்குச் சொன்னதை உங்கள் நோட்டும் சொல்லும். நாம் தினமும் தொடும் பொருள் கொஞ்சம்தான்.

மனத்தைப் பிசைவது வேறு பொருட்கள். பாட்டியின் பித்தளை அண்டா, சீராக வந்த பீரோ, ஒன்பது படிக்குமான கொலு பொம்மைகள். அண்டாவை ஊர்க் கோயில் சமையலுக்குக் கொடுத்தேன். வருடத்தில் இரண்டு தடவை அதில் பொங்கல் வேகிறது, போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பீரோவை விற்றோம். கொலு பொம்மைகளை மட்டும் கொடுக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் இரண்டு தகரப் பெட்டி அதற்கென்றே இருக்கிறது, படி மட்டும் ஒன்பதிலிருந்து மூன்றாகிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உறவினர் வீட்டுப் பரணில் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, நாங்கள் எளிமையாக வாழ்கிறோம் என்று சொல்லாதீர்கள். அவர்கள் இடத்தில்தானே வாழ்கிறோம்!

விருந்தாளி, விசேஷம், நல்லது கெட்டது?

நாலு பேர் வந்தால் பாய் விரித்துக் கூடத்தில் படுக்கலாம், இரண்டு நாள் சந்தோஷமாகவே இருக்கும். ஐந்தாவது நாள் குளியலறை வாசலில் வரிசை நிற்கும். நாங்கள் வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பிறந்தநாள், வளைகாப்பு எல்லாம் மாடியில் ஷாமியானா போட்டு. மழை வந்தால் தள்ளிவைக்க வேண்டியதுதான்.

கெட்டது நடந்தால் என்ன செய்வீர்கள் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வாசல் மூன்றரை அடி அகலம், அதைத் திட்டமிட்டுத்தான் வைத்தோம். நாற்காலிகள் தெருவில் போடப்படும். தெருக்காரர்களோடு நல்ல உறவு இருந்தால் இதெல்லாம் நடக்கும். குட்டி வீட்டுக்காரர்களுக்கு அக்கம்பக்கம் என்பது வெறும் வசதி இல்லை, அவசியம்.

வயதானவர்கள் கூட இருந்தால்?

2022இல் என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் எங்களோடு இருந்தார். இந்த வீட்டுக்கு வந்த உண்மையான சோதனை அதுதான். எங்கள் குளியலறைக் கதவு இரண்டரை அடி. சக்கர நாற்காலி நுழையவில்லை. பிடித்து நடக்கும் வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பித்தான் அத்தை உள்ளே போக வேண்டியிருந்தது. நாலாம் நாள் நிலையைப் பெயர்த்து மூன்றடியாக்கினோம். சக்கர நாற்காலிக்குக் கதவு 900 மில்லிமீட்டர் திறப்பும், உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டமும் வேண்டும். ஒன்றரை மீட்டர் இடம் எங்கள் குளியலறையில் இல்லை, இனியும் வராது.

அதைவிடப் பெரிய கஷ்டம், அத்தைக்கு மறைவு இல்லாமல் போனது. படுக்கையிலேயே எல்லாம் செய்ய வேண்டியிருந்த நாட்களில், திரைக்கு அந்தப் பக்கம் பேத்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். அத்தை வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை, மகள் பள்ளிக்குப் போகும்வரை பொறுத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது தெரிய இரண்டு வாரம் ஆனது. தெரிந்த பிறகு தினமும் இரண்டு வேளை மகளை மாடிக்கு அனுப்பினேன்.

நன்மையும் இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு, ஏற இறங்கப் படி இல்லை, ஒரு நாளும் அவர் தனியாகக் கிடக்கவில்லை. ஆனாலும், வீட்டில் எழுபதைத் தாண்டிய பெற்றோர் இருந்து, அவர்களைப் பார்க்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது என்றால், ஒரு சிறிய அறையாவது கூடுதலாகக் கட்டுங்கள்.

செலவு பாதியாகிவிடுமா? அனுமதி கிடைக்குமா?

பாதியாகாது. சமையலறையும் குளியலறையும்தான் வீட்டில் செலவு பிடிக்கும் பகுதிகள், அவை குட்டி வீட்டிலும் ஒவ்வொன்று வேண்டும். ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க், மின் இணைப்பு எதுவும் வீடு சிறியது என்று விலை குறைவதில்லை. காலியான கூடமும் படுக்கையறையும்தான் சதுர அடிக்கு மலிவு, அதைத்தான் நாம் குறைக்கிறோம். அதனால் மொத்தத் தொகை குறையும், சதுர அடி விலை கூடும். கொத்தனார் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

எவ்வளவு சிறிதாகக் கட்டலாம் என்பதற்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. வசிக்கும் அறை 9.5 சதுர மீட்டர், சமையலறை 5, கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்து 2.8. கூட்டினால் 17.3 சதுர மீட்டர், உள்ளளவில் 186 சதுர அடி. அதற்குக் கீழே இறங்க வேண்டாம், சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, மூச்சுவிடுவதற்காகவும்தான். தமிழ்நாட்டில் 2500 சதுர அடி வரையுள்ள மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து இணையவழிச் சுயசான்று முறை, அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதிகூறி அனுமதி பெறும் முறை இருக்கிறது. துண்டு மனை என்றால் அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலில் பாருங்கள்.

யாருக்கு இது ஒத்துவராது?

வீட்டிலிருந்தே வேலை பார்த்து, நாளெல்லாம் போனில் பேச வேண்டியவர்களுக்கு. இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர் இருக்கும் வீட்டுக்கு. தையல், டியூஷன், பலகாரம் என்று வீட்டுக்குள்ளேயே தொழில் நடத்துகிறவர்களுக்கு. கடன் நெருக்கடியில் வேறு வழியில்லாமல், மனதில்லாமல் வரும் குடும்பத்துக்கும்தான். ஒருவர் விரும்பி மற்றவர் சகித்துக்கொண்டு வந்தால், சகித்துக்கொண்டவர் தினமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைகளில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள், இன்னும் பலர் வாழ்கிறார்கள். மும்பை வொர்லியில் பி.டி.டி. சால்கள் என்னும் பழைய ஒற்றை அறைக் குடியிருப்புகளில் 160 சதுர அடி அறையில் குடும்பங்கள் நூறாண்டாக இருந்திருக்கின்றன. அவர்களுக்குக் கிடைத்த மாற்று என்ன? மலையகத்தில் இந்திய வீட்டுத் திட்டம் 7 பேர்ச் (சுமார் 1900 சதுர அடி) காணியில் 550 சதுர அடி வீடு கட்டித் தருகிறது. மும்பையில் புது ஃபிளாட் 500 சதுர அடி. தனி வீடும் காணியும் கேட்டு மலையக மக்கள் இன்னும் போராடுகிறார்கள். நான் 305 சதுர அடியில் நிம்மதியாக இருக்கிறேன் என்றால், வேண்டாம் என்று நினைத்தால் நாளைக்கே வேறு வீடு பார்க்க முடியும் என்பதால்தான். அந்த வழி இல்லாதவர்களிடம் போய்க் குட்டி வீட்டின் பெருமையைப் பேசுவது தவறு.

பிடிக்காமல் போனால்?

முதலில் அதே அளவு வீட்டில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். கட்டுவதாக இருந்தால் மேலே ஒரு தளம் தாங்கும்படி அடித்தளம் போட்டு, தூண் கம்பிகளை மாடியில் நீட்டிவிடுங்கள். கம்பி துருப்பிடிக்காமல் சிமெண்ட் கலவை பூசிவைக்க வேண்டும். மாடிப்படியை வெளிப்புறம் வைத்தால் நாளைக்கு மேல்தளத்தைத் தனியாக வாடகைக்கும் விடலாம். விற்பது கொஞ்சம் கஷ்டம்தான், வாங்க வருகிறவர் மனையைத்தான் விலை பேசுவார்.

நீங்கள் அங்கேயே இருக்கப்போகிறீர்களா?

மகள் வரும் ஜூனில் பத்தாம் வகுப்பு. அவளுக்குக் கதவுள்ள ஓர் அறை வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கென்று ஒரு கதவு, அவ்வளவுதான் கேட்டாள். மாடியில் நீட்டிவிட்ட கம்பிகள் இருக்கின்றன. பத்துக்குப் பத்தில் ஓர் அறையா, எட்டுக்குப் பத்து போதுமா என்று முடிவாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளே மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, மேசையையும் பாயையும் கொண்டுபோய் உள்ளே வைத்து உட்கார்ந்து பார்த்தாள். ஒரு மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.